மலேசியா டிராக்டருக்கு திருவாரூரில் ஆர்.சி. கிடைக்குமா?

'மலேசியாவில் இருக்கும் என் மச்சான், ஜப்பானிலிருந்து அங்கே வந்து இறங்கிய 24 ஹெச்.பி. பழைய டிராக்டர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். ரொட்டவேட்டரோடு சேர்த்து நம் பணத்தில் இரண்டு லட்சத்துக்குள் முடியும் என்கிறார். 'கன்ஃபார்மிட்டி சர்டிஃபிகேட்' கொடுக்கிறோம், அதை வைத்து எந்த நாட்டிலும் பதிவு செய்யலாம் என்று விற்பவர் சொல்கிறாராம். இங்கே ஆர்.டி.ஓ. ஆபீஸில் அதை ஏற்பார்களா? முன்பணத்துக்கு நகையை அடகு வைக்க இருக்கிறேன்.'

- ஒரு வாசகர், கூத்தாநல்லூர், திருவாரூர் மாவட்டம்.

நகை இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கட்டும். அந்த டிராக்டருக்கு இங்கே ஆர்.சி. புக் கிடைக்க வழியில்லை. காரணம் தெரிந்துகொண்டால், அடுத்த முறை வேறு யாராவது வேறு மிஷினைக் காட்டும்போதும் உதவும்.

கூத்தாநல்லூருக்குச் 'சின்ன சிங்கப்பூர்' என்று பெயர். வீட்டுக்கு ஒருவராவது கடல் தாண்டிப் போன ஊர். மிக்ஸியிலிருந்து டி.வி. வரை பார்சலில் வந்து இறங்கிப் பழக்கப்பட்ட இடத்தில், டிராக்டரும் அப்படித்தான் வரும் என்று நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால், டி.வி.க்கு யாரும் நம்பர் பிளேட் கேட்பதில்லை.

முதலில் அந்த சர்டிஃபிகேட்டைப் பார்த்துவிடலாம். ஒரு கம்பெனி புது மாடல் வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவரும் முன், பிரேக், புகை, விளக்கு, சத்தம் என்று சோதித்து அரசின் ஒப்புதல் வாங்க வேண்டும். பிறகு அந்த மாடலில் தயாராகும் ஒவ்வொரு வண்டிக்கும், 'ஒப்புதல் வாங்கிய மாடல் எப்படியோ, இதுவும் அப்படியே' என்று சேஸிஸ் நம்பரோடு கம்பெனி ஒரு சீட்டு கொடுக்கும். ஐரோப்பிய நாடுகளில் இதைத்தான் கன்ஃபார்மிட்டி சர்டிஃபிகேட் என்கிறார்கள். அங்கே டிராக்டர்களுக்கென்றே 2013-ல் தனிச் சட்டம் வந்தது. ஜெர்மனியில் வாங்கிய டிராக்டரை இந்தச் சீட்டைக் காட்டி இத்தாலியில் பதிவு செய்துகொள்ளலாம். கவனிக்க வேண்டியது, இதைக் கொடுப்பவர் தயாரித்த கம்பெனி. பழைய டிராக்டர்களை வரிசையாக நிறுத்தி விற்கும் யார்டுக்காரர் கொடுக்க முடியாது. அவர் கொடுப்பது பெரும்பாலும் கப்பலில் ஏற்றும் முன் பார்த்த சோதனைச் சீட்டாகத்தான் இருக்கும். எஞ்சின் ஓடுகிறது, எண்ணெய் ஒழுகவில்லை என்ற அளவுக்கு அது பயன்படும்.

சரி, கம்பெனியே கொடுத்த அசல் சீட்டு என்றால்? அதுவும் இங்கே செல்லாது. ஒரு நாட்டின் ஒப்புதலை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்வதற்காக ஜெனீவாவில் 1958-ல் ஓர் ஒப்பந்தம் உண்டானது. ஜப்பான் 1998-ல் அதில் சேர்ந்தது. இந்தியா அதில் சேரவில்லை. தொழில்நுட்ப விதிகளை ஒன்றுபோல உருவாக்குவதற்கான 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் மட்டும் 2006-ல் சேர்ந்தது. விதிகளைச் சேர்ந்து எழுதலாம், ஆனால் சோதனை இங்கேதான் நடக்க வேண்டும் என்பது நம் நாட்டின் நிலை.

இங்கே அந்தச் சீட்டின் இடத்தில் இருப்பது படிவம் 22. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன் 126-ஆம் விதிப்படி, வண்டியைத் தயாரிப்பவரோ இறக்குமதி செய்பவரோ மாதிரி வண்டியை அரசு குறிப்பிட்ட சோதனை மையத்தில் ஒப்படைத்து ஒப்புதல் வாங்க வேண்டும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., அகமதுநகரில் உள்ள பாதுகாப்பு அமைச்சகத்தின் வாகன ஆராய்ச்சி நிலையம் போன்றவை அந்த மையங்கள். டிராக்டர் என்றால் மத்தியப் பிரதேசத்தில் நர்மதை ஓரம் இருக்கும் புத்னி. 1955-ல் தொடங்கிய மத்திய பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் அங்கேதான் இருக்கிறது. ஒப்புதல் வந்த பிறகு, ஒவ்வொரு வண்டிக்கும் புகை, பாதுகாப்பு விதிகளின்படி இருக்கிறது என்று படிவம் 22-ல் கையெழுத்துப் போடுவார்கள். ஷோரூமில் புது டிராக்டர் எடுத்தவர்கள் பில், இன்ஷூரன்ஸோடு இந்தத் தாளையும் வாங்கியிருப்பார்கள். டீலரே எல்லாவற்றையும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்துவிடுவதால் யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை.

ஆகவே, மச்சான் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தியாவில் படிவம் 22-ல் யார் கையெழுத்துப் போடுவார்கள்? ஜப்பான் கம்பெனி போடாது. உள்ளூர் விற்பனைக்காகச் செய்து, அங்கே பல வருடம் ஓடி முடிந்த வண்டிக்கு அதற்கு என்ன பொறுப்பு? அதே கம்பெனியின் இந்தியக் கிளையும் போடாது. தான் விற்காத மாடல். வண்டிகளைப் பதிவு செய்யும் 'வாகன்' கணினியில், ஒப்புதல் பெற்ற மாடல்களின் விவரத்தைக் கம்பெனிதான் ஏற்ற வேண்டும். திருவாரூர் அதிகாரி மனம் வைத்தாலும், பட்டியலில் இல்லாத மாடலை அவரால் பதிவு செய்ய முடியாது.

இதெல்லாம் திருவாரூர் வந்து சேர்ந்த பிறகு வரும் சிக்கல். வண்டி துறைமுகத்தைத் தாண்டுவதே கஷ்டம். சுங்க அட்டவணையில் 87-ஆம் அத்தியாயம் வாகனங்களுக்கானது. டிராக்டர் முதல் சைக்கிள் வரை அதில்தான் வரும். அதில் பழைய வாகன இறக்குமதிக்கு வைத்திருக்கும் நிபந்தனைகளைப் பார்த்தால், வேண்டாம் என்பதை நேரடியாகச் சொல்லாமல் சொல்லியிருப்பது புரியும். வண்டி தயாராகி மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. மும்பை துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும். சென்னையிலோ நாகையிலோ இறக்க முடியாது. 126-ஆம் விதிப்படியான ஒப்புதல் கையில் இருக்க வேண்டும். வந்து இறங்கியதும், சுங்கம் விடுவிக்கும் முன், புனே, அகமதுநகர், புத்னி போன்ற இடங்களில் மறுபடி சோதிக்க வேண்டும். இன்னும் ஐந்து வருடம் சாலையில் ஓடும் தகுதி உண்டு, அதுவரை சர்வீஸ் செய்ய ஏற்பாடும் உண்டு என்று இறக்குமதி செய்பவர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஜப்பானிலிருந்து தென்கிழக்கு ஆசியாவுக்கு வரும் பழைய சிறு டிராக்டர்கள் பெரும்பாலும் பத்து, இருபது வருடம் தாண்டியவை. முதல் நிபந்தனையிலேயே அடிபட்டுவிடும். மீறி ஏற்றி அனுப்பினால் சுங்கத்துறை பறிமுதல் செய்யலாம், அபராதம் கட்டச் சொல்லலாம். இறங்கிய சரக்கை 30 நாளில் எடுக்காவிட்டால் ஏலம் விடவும் சுங்கச் சட்டத்தில் இடமுண்டு. அதுவரை கிடங்கு வாடகை தனியாக ஏறும். இரண்டு லட்ச ரூபாய் டிராக்டருக்கு மும்பைக்கு நாலு தடவை அலைந்த செலவும் சேர்ந்தால் கணக்கு என்னாகும் என்பதை வாசகரே போட்டுப் பார்க்கலாம்.

இந்த இடத்தில்தான் புரோக்கர்கள் வருவார்கள். 'வடக்கே ஒரு மாநிலத்தில் பதிவு போட்டு, தடையில்லாச் சான்று வாங்கி இங்கே மாற்றித் தருகிறோம்' என்பார்கள். 2025 செப்டம்பரில் கேரளாவில் சுங்கத்துறை நடத்திய 'ஆபரேஷன் நும்கோர்' நினைவிருக்கலாம். பூடானிலிருந்து பழைய வண்டிகளைக் கடத்தி, போலி ஆவணங்களால் இந்தியப் பதிவு வாங்கி விற்றதாக எழுந்த புகாரில் நடந்த சோதனை அது. கடத்தியவர்களை மட்டும் தேடவில்லை. கை மாறி வாங்கியவர்களின் வாசலில் நின்ற வண்டிகளையும் எடுத்துப் போனார்கள். அவை விலை உயர்ந்த கார்கள், வாங்கியவர்களுக்கு வக்கீல் வைக்க வசதி இருந்தது. அடகு வைத்து டிராக்டர் வாங்கியவரின் நிலை வேறு.

'ரோட்டுக்கே கொண்டு போக மாட்டேன், என் வயலில் மட்டும் ஓட்டிக்கொள்கிறேன்' என்று சிலர் நினைக்கலாம். டெல்டாவில் ஒரே வரப்புக்குள் ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் எத்தனை பேர்? வாய்க்கால் பாலம் தாண்டி அடுத்த வயலுக்குப் போக ரோட்டில் ஏறித்தான் ஆக வேண்டும். பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால் முதல் முறை 5,000 ரூபாய் வரை அபராதம். அதாவது பரவாயில்லை. தற்காலிகப் பதிவு முடிந்து, நிரந்தரப் பதிவு இல்லாமல் ஓடிய வண்டி விபத்தில் சிக்கிய ஒரு வழக்கில், பதிவில்லாமல் ஓட்டியது பாலிசியின் அடிப்படையையே மீறியது, இழப்பீடு தர வேண்டியதில்லை என்று 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதிரே வந்த பைக்கில் இடித்து யாருக்காவது உயிர் போனால், அந்தப் பணத்துக்கு நிலத்தைத்தான் விற்க வேண்டிவரும்.

அறுவடை மிஷின் கதை கொஞ்சம் வேறு. அது சுங்க அட்டவணையில் 84-ஆம் அத்தியாயத்தில், இயந்திரங்களோடு வருகிறது. பழைய இயந்திர இறக்குமதிக்குப் பொதுவாகத் தடையில்லை. மூன்று வருடக் கணக்கும் மும்பைக் கட்டாயமும் இதற்கு இல்லை. இதைச் சொல்லித்தான் 'மிஷின் தாராளமாக வரும்' என்று விற்கிறார்கள். வரும், ஆனால் பதிவுக்குப் போனால் மறுபடி அதே படிவம் 22-ல் வந்து நிற்கும். மோட்டார் வாகன விதிகளில் டிராக்டர், பவர் டில்லர், அறுவடை மிஷின் மூன்றுக்கும் சேர்த்தே புகை அளவு வைத்திருக்கிறார்கள். 50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் 'ட்ரெம் 4' என்ற கடுமையான அளவு வந்துவிட்டது. சம்பா அறுவடை சமயத்தில் சேலம், ஆத்தூர் பக்கமிருந்து லாரியில் வந்து இறங்கும் பெல்ட் மிஷின்கள் பலவற்றிலும் வெளிநாட்டுக் கம்பெனிகளின் பெயர்தான் இருக்கிறது. அவற்றை விற்கும் கம்பெனிகள் இந்தியாவில் ஒப்புதல் வாங்கி, தாங்களே கையெழுத்துப் போட்டு விற்பவை. தனி ஆள் ஒரே ஒரு மிஷினுக்காக அந்தச் சோதனையை நடத்தி முடிக்க முடியாது. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் மானியம் வேண்டுமென்றாலும் சோதனை மைய அறிக்கை உள்ள மாடலாக இருக்க வேண்டும்.

அப்படியானால் அந்த இரண்டு லட்சத்தை என்ன செய்வது? உள்ளூரிலேயே ஒரு பழைய டிராக்டரைத் தேடுவது உத்தமம். அப்போதும் முதலில் தாளைப் பாருங்கள், பிறகு எஞ்சினைப் பாருங்கள். ஆர்.சி.யில் இருக்கும் பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா, கடன் பதிவு இருக்கிறதா என்று பரிவாஹன் தளத்திலேயே பார்க்கலாம். கடன் முடிந்திருந்தால் ஃபைனான்ஸ்காரர் கையெழுத்திட்ட படிவம் 35 வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று. 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருப்பதானால் படிவம் 27-ல் தமிழ்நாட்டு எண்ணுக்கு மனு. சேஸிஸ் நம்பரைக் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து, ஆர்.சி.யோடு ஒத்துப்பார்க்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது. ஐந்து ஏக்கருக்குச் சொந்த டிராக்டர் கட்டுப்படியாகுமா என்பதையும் யோசிக்கலாம். வேளாண்மைப் பொறியியல் துறை குறைந்த வாடகைக்கு டிராக்டர் விடுகிறது. உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம். குறுவைக்கு எல்லாரும் ஒரே நாளில் கேட்கும்போது வண்டி கிடைப்பது கஷ்டம் என்பதும் உண்மைதான். அதனால் முன்கூட்டியே பதிந்து வைப்பது நல்லது.

இதே ஊரிலிருந்து இன்னும் இரண்டு கேள்விகள் வந்திருக்கின்றன.

துபாயிலிருந்து ஊரோடு திரும்பும் ஒருவர், அங்கே ஓட்டிய காரைப் பயண உடைமையாகக் கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறார். சுங்கச் சட்டத்தில் 'பயண உடைமை' என்ற சொல்லுக்கே மோட்டார் வாகனம் நீங்கலாக என்றுதான் பொருள் எழுதியிருக்கிறது. பழைய காருக்கான வரியே காரின் விலையைத் தாண்டும். அத்தோடு அங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம், இங்கே வலப்பக்கம் இருக்க வேண்டும். 'கார்னெட்' என்ற சீட்டில் கொண்டுவரலாம் என்று யாராவது சொன்னால், அது சுற்றுலாவாக வந்து திரும்ப எடுத்துப் போவதற்கானது. அதை வைத்து இங்கே பதிவு செய்ய முடியாது.

சீனாவிலிருந்து பவர் டில்லர் வரவழைக்கலாமா என்பது இரண்டாவது கேள்வி. 2020 ஜூலையிலேயே பவர் டில்லரையும், அதன் எஞ்சின், கியர் பெட்டி, சேஸிஸ், ரொட்டவேட்டர் பாகங்களையும் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதற்கான உரிமம் இல்லாமல் ஒன்றைக்கூட இறக்க முடியாது. உள்ளூர் டீலரிடம் வாங்கும்போது, அந்த மாடலின் சோதனை அறிக்கை எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால், மானியத்துக்கு மனுப் போடும்போது அலைய வேண்டியிருக்காது.