உழைப்பு தீவுகளுக்கு, உரிமை யாருக்கு?

உலக எழுவர் ரக்பித் தொடரின் உச்சப் பிரிவில் ஆடும் அணிகளின் எண்ணிக்கை 2025–26 பருவம் முதல் 12இலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டுள்ளது. நிதி நிலைத்தன்மை என்பது இதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. 2016இல் சிங்கப்பூர்ப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் பிஜியை 30–7 என்ற கணக்கில் வீழ்த்திக் கோப்பை வென்ற கென்யா, புதிய ஏற்பாட்டின் முதற்பருவத்தில் கீழ்ப்பிரிவில் வைக்கப்பட்டது. இத்தொடரின் புகழ்பெற்ற களமான ஹாங்காங்கில் 1976இல் முதற்போட்டி நடந்தபோதே 12 அணிகள் ஆடின. அரை நூற்றாண்டு 'வளர்ச்சி'க்குப் பின் மேல்மேடையில் இடம் 8 அணிகளுக்கு மட்டுமே என்றால், வளர்ந்தது எது என்ற கேள்வி எழுவது இயல்பு.

கிரிக்கெட்டும் கபடியும் பேசப்படும் நாட்டில் ரக்பியைப் பற்றி ஓர் இடதுசாரி ஏடு கவலைப்படுவானேன் என்று சிலர் வினவக்கூடும். அது வெள்ளை எசமானர்களின் ஆட்டம், சீமான் வீட்டுப் பள்ளிகளின் ஆட்டம் என்ற எண்ணம் இடதுசாரி வட்டங்களில் நெடுங்காலமாக உண்டு. அந்த எண்ணம் பாதி உண்மை. மறுபாதியில் தொழிலாளி வர்க்கத்தின் வரலாறு இருக்கிறது. அதை அறியாமல் ஒதுக்குவது, உழைப்பாளர் கட்டியெழுப்பிய ஒன்றை எசமானர்களின் பெயருக்கே எழுதிக் கொடுப்பதாகும்.

இறைச்சிக் கடையில் பிறந்த யோசனை

எழுவர் ரக்பி பிறந்தது 1883இல், ஸ்காட்லாந்தின் தென்பகுதியிலுள்ள மெல்ரோஸ் என்னும் சிற்றூரில். அவ்வூரின் ரக்பிச் சங்கம் பணத்தட்டுப்பாட்டில் தவித்தது. நிதி திரட்ட ஒரு விளையாட்டு விழா நடத்தலாம் என்ற யோசனை வந்தது. ஆனால் அணிக்கு 15 பேர் வீதம் பல ஆட்டங்களை ஒரே பிற்பகலில் நடத்தி முடிக்க இயலாது. அணிக்கு 7 பேர் போதும், ஆட்ட நேரத்தையும் சுருக்கலாம் என்ற வழியைக் கண்டவர் நெட் ஹேக்; இறைச்சி வெட்டும் தொழிலைச் செய்தவர். இன்றும் அதே அமைப்புதான்: மைதானத்தின் அளவு மாறவில்லை, பாதிக்கு 7 நிமிடம், அணிக்கு 7 பேர். ஆள்பலமும் பணபலமும் குறைந்த ஊர்களும் நாடுகளும் இந்த ஆட்டத்தில் தலைநிமிர முடிந்ததற்கு இந்த எளிமையே காரணம்.

அடுத்த 12 ஆண்டுகளில் இங்கிலாந்தின் ரக்பி வர்க்க அடிப்படையில் இரண்டாகப் பிளந்தது. யார்க்‌ஷயர், லங்காஷயர் பகுதிகளின் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் சனிக்கிழமை ஆட்டத்துக்குச் சென்றால் அந்நேரத்துக்கான கூலியை இழந்தனர். இழந்த கூலியை மட்டுமாவது ஈடுசெய்ய வேண்டும் என்பதே அவர்களது சங்கங்களின் கோரிக்கை. 1893இல் நடந்த இங்கிலாந்து ரக்பிச் சங்கப் பொதுக்கூட்டம் அதனை 282–136 என்ற வாக்குக் கணக்கில் நிராகரித்தது. விளையாட்டின் தூய்மை காக்கப்பட வேண்டுமாம்! கூலியை நம்பி வாழாதவர்களுக்குத் தூய்மையாக இருப்பதில் செலவேதும் இல்லை. 1895 ஆகஸ்டு 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் கூடிய வடபகுதிச் சங்கங்கள் தனி அமைப்பு கண்டன. இன்று 'ரக்பி லீக்' எனப்படும் 13 பேர் ஆட்டம் அந்தக் கூலிக் கோரிக்கையின் பிள்ளை.

பிளவுக்குப் பின் எசமானர் தரப்பு எஞ்சிய ரக்பியை ஊதியமில்லா ஆட்டமாகவே வைத்திருந்தது. ஆட்டக்காரருக்கு ஊதியம் தரலாம் என்று அதன் சர்வதேச அமைப்பு 1995 ஆகஸ்டில்தான் அறிவித்தது. சரியாக நூறு ஆண்டுகள்! தொலைக்காட்சி உரிமையின் பெரும்பணம் வாசலில் வந்து நின்ற பிறகே தூய்மையின் கதவு திறந்தது. தொழிலாளி கேட்டபோது திறக்காத கதவு அது.

புகையிலையும் விமானமும்

1976இல் ஹாங்காங் போட்டியைத் தாங்கி நின்றவை ஒரு விமான நிறுவனமும் ஒரு சிகரெட் நிறுவனமும்: கேத்தே பசிபிக், ராத்மன்ஸ். காலனி நகரின் வணிகர் கூட்டம் வார இறுதியில் கூடிக் களிக்க ஒரு திருவிழா வேண்டியிருந்தது. திருவிழாவின் பார்வையாளர் மாடம் அவர்களுடையது. ஆடுகளத்தின் ஒளி பசிபிக் தீவுகளின் இளைஞர்களிடமிருந்து வந்தது. 1977இலேயே பிஜி அக்கோப்பையை வென்றது. பின்னாளில் உலகத் தொடரின் பெயரில் தன் பெயரைப் பொறித்துக்கொண்டது எச்.எஸ்.பி.சி. வங்கி. 1865இல், அபினி வாணிபம் கொழித்த காலத்து ஹாங்காங்கில் தொடங்கப்பட்ட வங்கி அது. புகையிலையிலிருந்து நிதி மூலதனத்துக்குப் பெயர்ப்பலகை மாறியது. ஆடுகளத்தில் ஓடும் கால்கள் மாறவில்லை.

2009இல் கோபன்ஹேகனில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு எழுவர் ரக்பியை ஏற்றுக்கொண்டது. 2016இல் ரியோவில் ஆடவர், மகளிர் இரு பிரிவிலும் தலா 12 அணிகள் களமிறங்கின. அவ்வாண்டு பிப்ரவரியில்தான் வின்ஸ்டன் புயல் பிஜியைச் சூறையாடி 44 உயிர்களைக் கொண்டுபோயிருந்தது. அணியின் பயிற்சியாளர் பென் ரையன் 2013இல் பொறுப்பேற்றபோது சங்கத்தின் கருவூலம் காலி. தொடக்க மாதங்களில் அவருக்கே ஊதியம் இல்லை. அப்படிப்பட்ட அணி ஆகஸ்டு 11 அன்று இறுதி ஆட்டத்தில் பிரிட்டனை 43–7 என்று தோற்கடித்தது. தன்னை 96 ஆண்டுகள் ஆண்ட நாட்டை வென்று, எந்த நிறத்திலும் ஒரு பதக்கம் கண்டிராத பிஜி தன் முதற்பதக்கத்தைத் தங்கமாகவே பெற்றது. தேசிய விடுமுறை அறிவிக்கப்பட்டது; மறு ஆண்டு 7 டாலர் மதிப்பில் ஒரு நாணயத்தாளே அச்சிடப்பட்டது. டோக்கியோவில் மீண்டும் தங்கம். அந்தப் பயணத்துக்கு, பெருந்தொற்றுக் காலத்தில், உறைந்த மீன் ஏற்றிச் செல்லும் சரக்கு விமானத்தில்தான் அவர்களுக்கு இடம் கிடைத்தது. அப்போட்டியில் பிஜி மகளிர் அணியும் வெண்கலம் வென்றது.

கரும்புத் தீவின் இரு பாதிகள்

பிஜி என்ற பெயர் தமிழ் வாசகருக்குப் புதிதன்று. அத்தீவின் கரும்புத் தோட்டங்களில் கண்ணீர் வடித்த பெண்களைப் பாரதி பாடியிருக்கிறான். 1879 முதல் 1916 வரை சுமார் 60,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுசெல்லப்பட்டனர்; 1903 முதல் சென்னைத் துறைமுகமும் அந்த மனிதச் சரக்கின் வாசலாயிற்று. அவர்களை வேலைவாங்கிக் கொழுத்த முதன்மை நிறுவனம் ஆஸ்திரேலியாவின் காலனியல் சுகர் ரிஃபைனிங் கம்பெனி. காலனி ஆட்சி பூர்வகுடி பிஜியரைக் கிராமத் தலைவர்களின் ஆளுகைக்குள்ளும், இந்தியக் கூலிகளைத் தோட்ட லயன்களுக்குள்ளும் தனித்தனியே நிறுத்தியது. ஒரே தீவில் இரு உலகங்கள். ரக்பி ஒரு பாதியின் ஆட்டமாகவும், கால்பந்து மறுபாதிக்கு நெருக்கமான ஆட்டமாகவும் வேரூன்றின.

அந்தப் பிளவின் விலையைப் பிஜியின் தொழிலாளி வர்க்கம் பின்னர் கொடுத்தது. 1987இல் தொழிற்சங்க இயக்கத்தின் தொழிற்கட்சி பங்கேற்ற கூட்டணி தேர்தலில் வென்று ஆட்சி அமைத்த சில வாரங்களில், இராணுவ அதிகாரி சித்திவேனி ரம்புக்கா இனவாத முழக்கத்துடன் அதைக் கவிழ்த்தார். அவரே முன்னாள் தேசிய ரக்பி ஆட்டக்காரர். 2016இன் வெற்றி இரு பாதிகளையும் ஒரே தெருவில் நிறுத்தியது என்பது மகிழ்ச்சிக்குரியது. எனினும், கோப்பை தரும் ஒற்றுமை ஊர்வலத்தோடு கலைந்துவிடும். கூலிக்கும் நிலத்துக்குமான பொதுப் போராட்டம் தரும் ஒற்றுமையே நிலைக்கும்.

சுமார் 9 இலட்சம் மக்கள் வாழும் அத்தீவு நாட்டின் ஏற்றுமதிப் பட்டியலில் சர்க்கரைக்குப் பக்கத்தில் இன்று ஆட்டக்காரரையும் வைக்கலாம். கிராமத்து மணல்வெளியில் வளர்ந்த இளைஞனை ஐரோப்பாவின் பணக்காரச் சங்கங்கள் ஒப்பந்தம் செய்கின்றன. அவன் அனுப்பும் பணத்தில் ஒரு குடும்பம், சில வேளை ஒரு கிராமமே வாழ்கிறது. அந்த வருமானத்தை எவரும் பழிக்க முடியாது. ஆனால் அவனை வளர்த்த பள்ளிக்கும் ஊருக்கும் மைதானத்துக்கும் உபரியில் பங்கு எவ்வளவு? காயம்பட்டுத் திரும்பும்போது பொறுப்பேற்பவர் யார்? தலையில் மீண்டும் மீண்டும் அடிபட்டு மூளை பாதிக்கப்பட்டதாக இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் முன்னாள் ஆட்டக்காரர்கள் பலர் வழக்குத் தொடுத்துள்ளனர். வழக்குத் தொடுக்கும் வசதி தீவுக் கிராமத்துக்குத் திரும்பியவனுக்கு எளிதில் வாய்க்காது.

முடிவெடுக்கும் அவையில் நிலைமை இன்னும் தெளிவு. 2020இல் உலக ரக்பி அமைப்பின் தலைவர் தேர்தலில் மொத்த வாக்குகள் 51. அவற்றில் ஐரோப்பாவின் 6 சங்கங்களும் தென்கோளத்தின் 4 பெரிய சங்கங்களும் தலா 3 வீதம் 30 வாக்குகளை வைத்திருந்தன. ஒலிம்பிக் தங்கம் வென்ற பிஜிக்கு 1 வாக்கு. ஆடுகளத்தில் 43–7, அவையில் 1–3. அணிகளைப் பன்னிரண்டிலிருந்து எட்டாகக் குறைக்கும் முடிவுகள் இத்தகைய அவைகளின் தலைமையில்தான் பிறக்கின்றன. பிஜி இம்முறை எட்டுக்குள் இருக்கிறது. ஆனால் விதியை எழுதும் பேனா அதன் கையில் இல்லை.

பெயர் நகரத்துடையது, அணி யாருடையது?

2025 ஜூனில் இந்தியாவும் இந்தச் சந்தைக்குள் நுழைந்தது. ரக்பி பிரீமியர் லீக் என்ற எழுவர் தொடர் ஜி.எம்.ஆர். குழுமத்தின் ஆதரவில் மும்பையில் நடந்தது. அன்று விமான நிறுவனம் ஹாங்காங்கில். இன்று தனியார்மயத்தில் தில்லி, ஹைதராபாத் விமான நிலையங்களைப் பெற்ற குழுமம் மும்பையில். முதற்கோப்பையை வென்ற அணியின் பெயர் சென்னை புல்ஸ். தமிழ்நாட்டு ஏடுகள் 'சென்னை வென்றது' என்று எழுதலாம். ஆனால் சென்னை, ஹைதராபாத், பெங்களூரு, தில்லி உள்ளிட்ட பெயர்களைச் சுமந்த ஆறு அணிகளும் ஆடியது மும்பையின் ஒரே மைதானத்தில். நகரம் தன் பெயரைத் தந்தது. மைதானமோ பயிற்சியோ நகரத்துப் பிள்ளைகளுக்கு அதனால் தானாகக் கிடைத்துவிடாது.

இந்திய ரக்பியின் உண்மையான நம்பிக்கை ஒடிசாவின் ஆதிவாசிப் பகுதிகளிலிருந்தும் பீகாரின் கிராமங்களிலிருந்தும் வந்த பெண்களிடம் இருக்கிறது. 2022இல் ஆசிய எழுவர் ரக்பி டிராபி போட்டியில் இந்திய மகளிர் அணி வெள்ளி வென்றது. வயலிலும் வீட்டிலும் வேலை செய்து வளர்ந்த பெண்கள் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது, பெண்ணின் உடலைக் கட்டுப்படுத்த விரும்பும் பிற்போக்கின் கன்னத்தில் விழும் அறை. ஆனால் கோடிகளோடு வந்த தனியார் லீக் முதலில் தேர்ந்துகொண்டது ஆடவர் ஆட்டத்தையே என்பதும் குறித்துக்கொள்ள வேண்டியது.

'தனியார் பணம் வராமல் விளையாட்டு எப்படி வளரும்?' என்பது நடுத்தர வர்க்கத்தின் வழக்கமான வாதம். அதற்கு விடை மேலே உள்ள வரலாற்றிலேயே இருக்கிறது. தனியார் பணம் வளர்த்தெடுத்த களத்துக்கு வருவதில்லை. வளர்ந்த பயிரை அறுக்கவே வருகிறது. மெல்ரோசின் தொழிலாளி, பிஜியின் கிராமத்துப் பள்ளி, பீகாரின் அரசுப் பள்ளி மைதானம் — விதைத்தவர்கள் இவர்கள். இலாபக் கணக்கு ஒத்துவராதபோது, 2020இல் பெருந்தொற்றைக் காட்டி இங்கிலாந்துச் சங்கம் தன் எழுவர் அணிகளின் ஒப்பந்தங்களைக் கைவிட்டதுபோல, அந்தப் பணம் ஒரே நாளில் வெளியேறவும் தயங்காது.

ஆகவே இடதுசாரி இயக்கத்தின் முன் உள்ள பணி, இந்த ஆட்டத்தை ஏளனம் செய்து ஒதுங்குவதும் அன்று, ஏலத்தொகையைக் கண்டு வியந்து நிற்பதும் அன்று. பள்ளி மைதானங்களும் நகராட்சித் திடல்களும் வணிக வளாகங்களுக்குப் பலியாகாமல் காப்பதற்கான உள்ளூர்ப் போராட்டம் முதல் கோரிக்கை. ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் நிரந்தர உடற்கல்வி ஆசிரியர் இரண்டாவது. எழுத்து வடிவ ஒப்பந்தம், காயத்துக்கான காப்பீடு, மகளிருக்குச் சம ஊதியம், சங்கம் சேரும் உரிமை ஆகியவை மூன்றாவது. வாலிபர், மாணவர், மாதர் அமைப்புகள் இக்கோரிக்கைகளைத் தங்கள் கிளைக் கூட்டங்களில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆட்டக்காரரும் தொழிலாளியே என்ற புரிதல் தொழிற்சங்க அரங்கில் இன்னும் ஆழமாக வேர்கொள்ள வேண்டும்.

1895இல் வடஇங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளர் கேட்டது இழந்த ஒரு நாட்கூலியை மட்டுமே. அந்தக் கேள்வி ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து சூவாவுக்கும், சூவாவிலிருந்து பாட்னாவுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. விடை சொல்ல வேண்டியவர்கள் இன்றும் அதே பார்வையாளர் மாடத்தில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.