கோடு ஆரிஜின் வழியா போகலைன்னா, விடுங்க!

முதல் வருஷ ஃபிசிக்ஸ் லேப் ஞாபகம் இருக்கா? ஸ்பிரிங்ல எடையை மாட்டி ஆட விட்டு, ஸ்டாப்வாட்ச்ல நேரம் எடுத்து, நிறைக்கும் அலைவு நேரத்தின் வர்க்கத்துக்கும் கிராஃப் போட்டேன். கோடு ஆரிஜின் வழியா போகலை. ஒய் அச்சைக் கொஞ்சம் மேலே வெட்டியது. பக்கத்துல இருந்த நண்பன் எட்டிப் பார்த்துட்டு, "ரீடிங் தப்புடா, ஜீரோ வழியா இழுத்துடு, சைன் வாங்கணும்ல" என்றான். ஸ்கேலை லேசா திருப்பினேன். சைனும் கிடைச்சது.

ரொம்ப நாள் கழிச்சுதான் புரிந்தது: நான் அழிச்சது தப்பை இல்லை, விடையை. அங்கே எடை மட்டும் ஆடலை, ஸ்பிரிங்கும் சேர்ந்து ஆடுது. அதன் நிறையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கணக்கில் சேரும். கோட்டைப் பின்னாடி நீட்டினால் எக்ஸ் அச்சின் மைனஸ் பக்கத்தில் வெட்டுகிற இடம் சொல்வது அந்தப் பங்கைத்தான். தராசே இல்லாம ஸ்பிரிங்கோட நிறையைக் கண்டுபிடிச்சிருக்கலாம்!

நாம கிராஃப் போடக் கத்துக்கிட்டோம், படிக்கக் கத்துக்கலை. இதுதான் என் கருத்து. சாய்வு, வெட்டுத்துண்டு, சார்பகம் எல்லாம் நமக்கு பிளஸ் டூவில் மார்க் வாங்கித் தந்த வார்த்தைகள், அவ்வளவுதான்.

உசைன் போல்ட்டை எடுத்துக்கோங்க. 2009, பெர்லின், 100 மீட்டர், 9.58 வினாடி. இது எல்லாருக்கும் தெரியும். இடையில் பதிவான நேரங்களையும் பாருங்க: 20 மீட்டருக்கு 2.89, 40க்கு 4.64, 60க்கு 6.31, 80க்கு 7.92. தூரத்துக்கும் நேரத்துக்கும் ஒரு கிராஃப் போடுங்க.

முதலில் சாய்வு. 100ஐ 9.58ஆல் வகுத்தால் வினாடிக்கு 10.44 மீட்டர். இது சராசரி மட்டும்தான். முதல் 20 மீட்டரில் அவர் வேகம் சராசரியா 6.92. 60லிருந்து 80 வரை 12.42, அதாவது மணிக்கு 44.7 கிலோமீட்டர். கடைசி 20 மீட்டரில் 12.05. உலக சாதனை ஓட்டத்திலேயே கடைசியில் வேகம் குறையுது! ஒரே ஒரு சராசரியைப் பார்த்தா இது எதுவும் தெரியாது.

அடுத்து வெட்டுத்துண்டு. 60–80 மீட்டர் பகுதியின் கோட்டை மட்டும் பின்னாடி நீட்டுங்க. தூர அச்சில் மைனஸ் 18.4 மீட்டரில் வெட்டும். போல்ட் கோட்டுக்கு 18 மீட்டர் பின்னாடியா நின்னார்? இல்லவே இல்லை. ஆனா அதே கோடு நேர அச்சை 1.48 வினாடியில் வெட்டுது. இதுக்கு அர்த்தம் இருக்கு. முதல் அடியிலிருந்தே அந்த வேகத்தில் ஓட முடிந்தால், 1.48 வினாடி தாமதமா கிளம்பினாலும் 60 மீட்டரை அதே நேரத்தில் தொட்டிருப்பார். துப்பாக்கிச் சத்தத்துக்கு அசைய அவர் எடுத்தது 0.146 வினாடிதான். மீதி ஏறக்குறைய 1.33 வினாடி, வேகம் பிடிப்பதற்கான விலை.

கடைசியா சார்பகம். அதே கோட்டை முன்னாடி நீட்டினால் 200 மீட்டருக்கு 17.58 வினாடின்னு சொல்லும். அதே பெர்லினில், அதே வாரம், போல்ட் 200 மீட்டர் ஓடி உலக சாதனை படைத்தது 19.19 வினாடியில். 200 மீட்டரில் வளைவு உண்டு, களைப்பும் உண்டு. கோட்டுக்கு அதெல்லாம் தெரியாது. எதுவரை அதை நம்பலாம்னு நாமதான் சொல்லணும்.

"வைவா நாளைக்கு, இதுக்கெல்லாம் நேரம் ஏது?"ன்னு கேட்பீங்க. நியாயம்தான். நானும் அப்படித்தான் ஸ்கேலைத் திருப்பினேன். இப்போ அந்த வேலையும் மிச்சம்: எக்ஸெல் ட்ரெண்ட்லைன்ல இன்டர்செப்ட்டை ஜீரோன்னு வைக்க ஒரு டிக் போதும். ஆனா நாளைக்கு நம்ம கைக்கு வரப்போவது பிரேக் டெஸ்ட் டேட்டாவாகவோ, லிஃப்ட் மோட்டார் டேட்டாவாகவோ இருக்கலாம். அங்கே கோடு ஜீரோவைத் தொடாததற்குக் காரணம் சென்சார் பிழையாகவும் இருக்கலாம், டிரைவர் கால் பிரேக்குக்குப் போன நேரமாகவும் இருக்கலாம். எது என்று தேடாமல் டிக் அடிக்கிற கையை நம்பி யாரோ வண்டியில் ஏறுவாங்க.

அதனால அடுத்த லேப்ல கோடு ஆரிஜின் வழியா போகலைன்னா, ஸ்கேலைத் திருப்பாதீங்க. வெட்டின இடத்தை அலகோடு எழுதுங்க, பக்கத்தில் "ஏன்?"னு ஒரு வரி சேருங்க. சைன் ஒரு நாள் தள்ளிப் போகலாம். பரவாயில்லை.