எல்லா வேலையும் செய்வேன் என்றால்...



2020 ஊரடங்குக்குப் பிறகு 'வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்' என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. அதில் ஒன்றுதான் 'விர்ச்சுவல் அசிஸ்டென்ட்'. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். அடுத்தவருடைய ஆபீஸ் வேலையை நம் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர், செல்போன் மூலம் செய்து கொடுப்பதுதான்.

பிளஸ் டூ வரை படித்த நானும் ஆசையோடு இறங்கினேன். 'எந்த வேலையானாலும் செய்து தரப்படும்' என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஆறு மாதம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. டேட்டா என்ட்ரி வேலை தருவதாகச் சொல்லி 2,500 ரூபாய் 'பதிவுக் கட்டணம்' வாங்கியவர்கள், அதோடு போனை அணைத்து விட்டார்கள். வேலை கொடுப்பவர் நம்மிடமே பணம் கேட்டால் உஷாராகி விடுங்கள். ஏமாந்து விட்டால் தாமதிக்காமல் 1930க்கு போன் செய்யுங்கள்.

அப்புறம்தான் யோசித்தேன், நமக்கு என்ன தெரியும் என்று. கல்யாணத்துக்கு முன் ஜவுளிக்கடையில் பில் போட்டிருக்கிறேன். எங்கள் ஈரோட்டில் ஜவுளி வியாபாரிகளுக்குப் பஞ்சமா? 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து அவர்களுக்கு மாதம் பிறந்தாலே தலைவலி. மாதா மாதம் கணக்குக் காட்டுபவர்கள் விற்பனை விவரத்தை 11ஆம் தேதிக்குள்ளும், 3பி படிவத்தை 20ஆம் தேதிக்குள்ளும் போட வேண்டும். தாமதமானால் நாள் கணக்கில் கட்டணம் ஏறும். பெரிய கடைகள் ஆள் போட்டுக் கொள்ளும். கல்லாவிலும் தானே, கணக்கிலும் தானே என்றிருக்கும் சின்னக் கடைக்காரர் என்ன செய்வார்?

வழக்கமாக நைட்டி எடுக்கும் கடை அண்ணனிடம், "பில்லை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்புங்கண்ணா, வரிசையா ஏத்தித் தர்றேன், அப்படியே ஆடிட்டருக்குக் கொடுத்துடலாம்" என்றேன். அவர் சொல்லி இன்னொருவர், ஆடிட்டர் சொல்லி இருவர். இன்று நான்கு கடைகள்.

எல்லாக் கடையும் நமக்கு ஒத்து வராது. ஒருவர் இரவு 11 மணிக்கு பில் அனுப்பி விடிந்ததும் கேட்பார். பணம் கேட்டால் "அடுத்த வாரம்மா" என்பார். பையனின் ட்யூஷன் பணம் போகிறதே என்று கஷ்டமாக இருந்தாலும், இரண்டாம் மாதமே கும்பிடு போட்டு விட்டேன். இப்போதெல்லாம் பாதிப் பணம் முன்கூட்டியே, வேலை நேரம் 10 முதல் 3 வரை, யாருடைய பாஸ்வேர்டு, ஓ.டி.பி.யும் வாங்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லி விடுகிறேன்.

தோழிகளே, வெளிநாட்டுக் கம்பெனியைத் தேடும் முன் நம் கடைவீதியை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலைக்காக அங்கே யாராவது தவித்துக் கொண்டிருப்பார்கள். என்ன, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, ஈரோடு.