கூச்சம் என்று சொல்லித் தப்பாதீர்கள்

தெஹியோவிட்டப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டும் பெண்கள் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு வருவதில்லையாம். காரணம் கூச்சமாம், அறியாமையாம். பல ஆண்டுகளாக நான் கேட்டுப் புளித்த வசனம் இது. அந்தப் பரிசோதனையில் யோனியை விரிக்கும் உலோகக் கருவியின் வரலாற்றைச் சற்றுப் புரட்டுங்கள்.

கி.பி. 79இல் எரிமலையில் புதைந்த பொம்பேய் நகரிலேயே அத்தகைய கருவி கிடைத்திருக்கிறது. ஆனால் அதன் நவீன வடிவங்களுள் ஒன்றுக்கு, வளைத்த கரண்டியிலிருந்து, வழிகோலியவர் அமெரிக்க வைத்தியர் மரியன் சிம்ஸ். 1845 முதல் 1849 வரை அலபாமாவில் அனார்க்கா, பெட்சி, லூசி முதலான அடிமைப் பெண்களை மயக்கமருந்தின்றி அறுத்துப் பழகினார். அனார்க்காவுக்கு மட்டும் 30 தடவை! 'உடைமையாளர்' சம்மதித்தால் போதும் என்ற காலம். நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கிலிருந்த அவருடைய சிலை 2018இல்தான் அகற்றப்பட்டது. இந்தியாவிலோ 1868ஆம் ஆண்டுச் சட்டம், பாலியல் தொழிலாளரெனப் பதியப்பட்ட பெண்களைக் கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுத்தியது, மறுத்தால் தண்டனை.

இலங்கையில் 1996இல் தொடங்கிய 'சுவநாரி' கிளினிக்குகள் உயிர்காப்பவை. அவற்றை நான் எதிர்க்கவில்லை. தமிழில் விளக்கும் தாதி, ஒரு திரை, அன்றைய சம்பளம் போகாதென்ற உறுதி: இவற்றைத் தந்துவிட்டுக் கூச்சத்தைப் பற்றிப் பேசுங்கள். எச்.பி.வி. வைரஸ் பரிசோதனைக்குரிய மாதிரியை, விரிப்பானே இல்லாமல், பெண் தானே எடுக்கலாமென உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி சொல்கிறது. அந்தப் பஞ்சுக் குச்சி ஒவ்வொரு லயத்துக்கும் எந்தத் திகதியில் வருமென்று சுகாதார அமைச்சு அறிவிக்கட்டும்.