ரீசெட் கம்பி யார் வீட்டுச் சொத்து?

நெய்வேலி டவுன்ஷிப்காரர்களுக்கு பாய்லர் 'ட்ரிப்' ஆவது புதுச் செய்தி இல்லை. ட்ரிப் ஆனதும் பட்டனை அமுக்கி உடனே மறுபடி பற்றவைக்க முடியாது. உலையில் தேங்கிய வாயுவைக் குறைந்தது 5 நிமிடம் காற்று செலுத்தி வெளியேற்ற வேண்டும். அதுவரை இன்டர்லாக் எரிபொருளைத் திறக்க விடாது. ரீசெட்டுக்கு அங்கே அவ்வளவு மரியாதை!

லினக்ஸ் டிரைவர் எழுதும் பலரிடம் அந்த மரியாதை இல்லை. டிரைவர் ஏறும்போதே சிப்பின் ரீசெட் கம்பியை ஒரு தட்டு. சிப் பதில் சொல்லாவிட்டால் இன்னொரு தட்டு. கேட்டால், "சுத்தமான நிலையிலிருந்து ஆரம்பிக்கிறோம்" என்பார்கள். யாருக்கு சுத்தம்?

ஒரு போர்டில் ஒரே ரீசெட் கம்பி 2, 3 சிப்களுக்குப் போவது சகஜம். ஒரு டிரைவர் அதைத் தட்டினால், பக்கத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த சிப்பும் தன் ரெஜிஸ்டர்களில் எழுதியதை மறந்துவிடும். அதன் டிரைவருக்கு இது தெரியவே தெரியாது. பிழைச் செய்தி வருவது அதன் பெயரில். நாள் கணக்கில் தேடித் திட்டு வாங்குவது அதை எழுதியவர். தட்டியவர் நிம்மதியாகத் தூங்குவார்.

வழி இல்லாமல் இல்லை. 2013-ல் வந்த லினக்ஸ் 3.10-லேயே ரீசெட் கம்பிகளுக்குப் பொதுவான ஏற்பாடு வந்துவிட்டது. 2016-ல் 'ஷேர்ட்' வகையும் சேர்ந்தது. கம்பி தனக்கு மட்டுமா, பொதுவா என்று டிரைவர் கேட்கும்போதே சொல்லலாம். பொது என்றால் கர்னல் கணக்கு வைத்துக்கொள்ளும். பயன்படுத்தும் டிரைவர்கள் எல்லோரும் 'போதும்' என்ற பிறகுதான் கம்பி ரீசெட் நிலைக்குத் திரும்பும். காமர்ஸ் பாஷையில் சொன்னால் ஜாயின்ட் அக்கவுன்ட். இருவரும் சேர்ந்து இயக்கும் கணக்கை ஒரே கையெழுத்தில் மூட முடியுமா?

சிலர் குறுக்கு வழியில் போவார்கள். கம்பியை வெறும் ஜிபிஐஓ-வாக, 'நான்-எக்ஸ்க்ளூசிவ்' என்று கேட்டு ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். கணக்கு வைக்க யாருமில்லாத பகிர்வு அது. 2024-ல் லினக்ஸ் 6.9-ல் வந்த 'ரீசெட்-ஜிபிஐஓ' டிரைவர், பொது ஜிபிஐஓ கம்பியையும் இந்தக் கணக்குக்குள் கொண்டுவந்துவிட்டது. இனி அந்தச் சாக்கும் செல்லாது.

"ஷேர்ட் என்றால் கேட்ட நேரத்தில் ரீசெட் நடக்கும் என்று உத்தரவாதம் இல்லையே?" நியாயமான கேள்விதான். உத்தரவாதம் இல்லைதான். ஏனென்றால் கம்பி ஒன்று, பயனாளர் பலர். சிப்பிலேயே சாஃப்ட்வேர் ரீசெட் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையா, போர்டு வரைபவரிடம் தனிக் கம்பி கேளுங்கள். பொதுக் கம்பியைத் தனிக் கம்பி என்று கோடில் பொய் சொல்லாதீர்கள். அந்தப் பொய்க்கான விலையை அடுத்த டிரைவர் எழுதுகிறவர்தான் கட்டுகிறார்.