மூத்த கலைஞர்கள் மேளத்திற்குத் திரும்பட்டும்

காத்தோங் வட்டாரத்தில், சிலோன் சாலையில் எழுந்தருளி அருள்பாலிக்கும் செண்பக விநாயகர் ஆலயத்திற்குத் திருவிழாக் காலத்து மாலைவேளையில் சென்று நின்றவர்கள் இக்காட்சியைக் கண்டிருக்கக்கூடும். தீபாராதனை முடிந்து சுவாமி புறப்படுகிறார். நாகசுரத்தில் கம்பீரநாட்டை மல்லாரி எழுகிறது. அன்பர்கள் கரங்குவித்து நிற்க, தூணோரம் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவரின் விரல்கள் அவரையும் அறியாமல் தொடையில் தாளமிடுகின்றன. தவிலின் தீர்மானம் வந்து சேரும் இடத்தில் அவர் தலையும் பிசகாமல் அசைகிறது. அருகில் சென்று விசாரித்தால், "அந்தக் காலத்தில் நானும் வாசித்தவன்தான், தம்பி" என்பார். அதற்குமேல் பேசமாட்டார்.

இத்தகைய முதியவர்களை நம் நாட்டின் ஆலயங்கள் பலவற்றிலும் காணலாம். இவர்களை நாம் வணங்குகிறோம். விழா மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். பின்னர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அவர்கள் கையில் மீண்டும் ஒரு வாத்தியத்தைக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் நமக்குத் தோன்றுவதில்லை. அது பெரும் பிழை என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேட்டுப் பழகிய செவிகள்

குளக்கரையில் கிடைத்த விநாயகர் திருவுருவைச் செண்பக மரத்தடியில் வைத்து வழிபட்ட எளிய தலமாகத் தொடங்கியது காத்தோங் ஆலயம். 19ஆம் நூற்றாண்டில் இலங்கைத் தமிழரான எதிர்நாயகம் பிள்ளை முன்னின்று முதற்கோயிலை அமைத்தார். இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் சோழர் பாணி இராஜகோபுரத்துடன் 2003ஆம் ஆண்டில் குடமுழுக்கு நடந்தேறியது. யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்களாகவும் அலுவலர்களாகவும் இங்கு வந்து குடியேறியவர்கள், அளவெட்டி, இணுவில் முதலிய ஊர்களின் தவில் நாதத்தையும் தங்கள் செவிகளில் சுமந்து வந்தார்கள். தவில் மேதை தட்சிணாமூர்த்தி பிறந்த மண்ணினர் அல்லவா! மேளம் கேட்டுத் தரம் சொல்லும் பழக்கம் அவர்களுக்கு இயல்பாகவே அமைந்திருந்தது.

தோட்டங்களிலும் துறைமுகத்திலும் உழைத்த தமிழகத் தொழிலாளர்கள் கொண்டுவந்த செல்வம் வேறு. அது உருமியும் பறையும். இடைசுருங்கிய உருமியின் ஒரு முகத்தில் வளைந்த குச்சியை உரசும்போது எழும் அந்த உறுமல், காவடி சுமப்பவரின் கால்களுக்குத் தானாக வலிமை ஊட்டும். ஆகம வழிபாட்டிற்கு நாகசுரம், தவில். காவடிக்கும் கிராம தெய்வ வழிபாட்டிற்கும் உருமி, பறை. இவ்விரு மரபுகளும் இம்மண்ணில் தழைத்திருந்தன.

ஓசை அடங்கிய கதை

1964ஆம் ஆண்டு இனக்கலவரங்களுக்குப் பின்னர் சமய ஊர்வலங்கள் கட்டுப்படுத்தப்பட்டன. தைப்பூசம், பங்குனி உத்திரம், தீமிதி ஆகிய மூன்று இந்து சமய ஊர்வலங்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. ஆயினும் 1973ஆம் ஆண்டு முதல் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளை வாசிக்கத் தடை வந்தது. காரணம் என்ன? போட்டிக் குழுக்களிடையே மூண்ட சண்டைகளால் ஊர்வலம் பாதிக்கப்பட்டதே காரணமென்று அதிகாரிகள் விளக்கினர். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. இறைவனுக்காக எழுப்பிய ஓசை, யார் பெரியவர் என்று காட்டும் ஓசையாக மாறியபோது, அதை நாமே இழந்தோம்.

கோயில் மதில்களுக்குள் மங்கல இசை நிற்கவில்லை. ஆனால் வீதியில் வாசித்துவந்த உள்ளூர் இளைஞர்களுக்கு வாசிக்கும் வாய்ப்பு அற்றுப்போயிற்று. வேலை, குடும்பம், பிள்ளைகளின் படிப்பு என்று வாழ்க்கை இழுத்துச் சென்றது. அடுக்குமாடி வீட்டில் தவிலைத் தட்டிப் பழகினால் அண்டை வீட்டார் பொறுப்பார்களா? கருவிகள் கட்டிலுக்கு அடியில் போயின. தோல் தளர்ந்தது, சீவாளி உலர்ந்தது. ஆலயங்களும் திருவிழாக்களுக்குத் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் கலைஞர்களை வரவழைக்கும் வழக்கத்தையே பெரிதும் நம்பலாயின.

அனுமதி வந்தது, கலை வந்ததா?

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், 2016ஆம் ஆண்டு தைப்பூசத்தில் ஊர்வலப் பாதையின் குறிப்பிட்ட இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. 2019இல் தாள வாத்தியங்களுக்கும் நிபந்தனைகளுடன் இடம் கிடைத்தது. கொவிட் பெருந்தொற்றால் 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகள் பாத ஊர்வலமே நடைபெறவில்லை. 2023இல் சிராங்கூன் சாலை மீண்டும் காவடிகளைக் கண்டது.

இவற்றையெல்லாம் நன்றியுடன் வரவேற்கிறோம். ஆனால் ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1973இல் இருபது வயது இளைஞராக உருமி தட்டியவர் இன்று எழுபதைக் கடந்துவிட்டார். தடைக்கு முந்திய வீதி இசையைத் தம் கையால் வாசித்த தலைமுறையின் கடைசி வரிசை அவரே. அனுமதியை ஒரு கடிதத்தில் திரும்பப் பெறலாம். கைப்பழக்கத்தையும் வழிமுறையையும் அப்படிப் பெற இயலாது; அவற்றை அறிந்தவர் வழியாக மட்டுமே பெற முடியும்.

அவர் அறிந்தவை யாவை? எந்த நேரத்தில் எதை வாசிப்பது என்பது முதலாவது. விடியலில் பூபாளம், சுவாமி புறப்பாட்டில் மல்லாரி, பள்ளியறையில் நீலாம்பரி என நாகசுரத்திற்கு ஒரு நியமம் உண்டு. தெய்வத்தை அழைக்கும் அடி, நடைக்கு உதவும் அடி, காவடி இறக்கும் இடத்து அடி என்று உருமிக்கும் அவ்வாறே ஒரு வரிசை உண்டு. இன்றைய இளைஞர்களின் கைவேகம் வியக்கத்தக்கது. ஆனால் திரைப்பாடல் தாளமும் ஒலிபெருக்கியின் பேரொலியும் அந்த வரிசையை விழுங்கிவிடுகின்றன.

நிறுத்தத் தெரிவது இரண்டாவது. எந்தச் செயலால் இவ்வுரிமை பறிபோயிற்று என்பதை நேரில் கண்டவர்கள் அவர்கள். எதிரே வரும் குழுவின் மேளத்தை அமுக்கிவிட வேண்டும் என்று இளங்கை துடிக்கும்போது, "போதும், நிறுத்து" என்று சொல்லும் தகுதி, பக்கத்தில் நின்று தாளம் போடும் பெரியவருக்கே உண்டு. அறிவிப்புப் பலகைகள் செய்ய முடியாததை அவருடைய ஒரு பார்வை செய்துவிடும்.

முதுமை ஒரு தடையா?

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழலாம். நாகசுரம் மூச்சை வாங்கும் கருவி. பற்கள் போனபின் சீவாளியைப் பற்றும் உதடுகளுக்கு உறுதி குறையும். தவிலோ தோளையும் மணிக்கட்டையும் வருத்தும். எழுபது வயதில் இதெல்லாம் ஆகிற காரியமா?

நம் முன்னோர் மேளத்தை அமைத்த விதத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. ஒருவர் முன்னின்று வாசிப்பார், ஒருவர் துணை நாகசுரம், ஒருவர் ஒத்து, ஒருவர் தாளம். எல்லோரிடமும் ஒரே வலிமையை அது கேட்பதில்லை. அதிலும் தாளம் போடுகிறவர் கையில்தான் அத்தனை பேருடைய கணக்கும் நிற்கிறது. வயதுக்கும் அனுபவத்திற்கும் அதைவிடப் பொருத்தமான இடம் உண்டோ? ஆலய இசை சபைக் கச்சேரியன்று. அங்கே தனியொருவரின் சாதனையை யாரும் அளப்பதில்லை. வழிபாடு குறைவின்றி நடந்ததா என்பதே கேள்வி.

கடல்கடந்த நாடொன்றிலும் இதற்குச் சான்று உண்டு. கியூபாவின் ஹவானா நகரில், மறக்கப்பட்டுவிட்ட முதிய இசைக்கலைஞர்களை 1996இல் ஒரு குழுவாகச் சேர்த்தார்கள். அவர்களுள் ரூபன் கொன்சாலஸ் என்ற பியானோ கலைஞருக்கு வயது எழுபத்தைந்துக்கு மேல். வீட்டில் பியானோவே இல்லை. இப்ராகிம் ஃபெரர் என்ற பாடகர் பாட்டை விட்டுவிட்டுக் காலணி துடைத்து வாழ்ந்துகொண்டிருந்தார். 'பியூனா விஸ்டா சோஷியல் கிளப்' என்ற பெயரில் 1997இல் வெளிவந்த அவர்களுடைய இசைத்தட்டு உலகெங்கும் புகழ்பெற்றுக் கிராமி விருதும் பெற்றது. இதில் நாம் கவனிக்க வேண்டியது விருதையன்று. அம்முதியவர்களைத் தேடித் திரட்டியவர் அவர்களைவிட மிக இளையவரான ஹுவான் தெ மார்கோஸ் என்ற இசைக்கலைஞர். அவர் பெரியவர்களைக் காட்சிப் பொருளாக்கவில்லை. தம்முடன் அமர்த்தி வாசிக்கச் செய்தார்.

ஆலயங்கள் செய்யக்கூடியவை

நம் ஆலய நிர்வாகங்களும் புரவலர்களும் மனம் வைத்தால் இது கடினமான காரியமன்று. முதலாவதாக, வாரத்தில் ஒரு மாலை ஆலயத்தின் பல்நோக்கு மண்டபத்தைப் பயிற்சிக்குத் திறந்துவிடலாம். வீட்டில் தட்ட முடியாத தவிலுக்கும் உருமிக்கும் அது பெரும் வரப்பிரசாதம். இரண்டாவதாக, அயல்நாட்டிலிருந்து வரும் வித்துவான்கள் இங்கிருக்கும் காலத்தில், உள்ளூர் மூத்தோரும் இளையோரும் அவர்களுடன் அமர்ந்து பயில வழி செய்யலாம். மூன்றாவதாக, திருவிழா நாட்களில் அரைமணி நேர முறை வைத்து, அமர்வதற்கு நாற்காலியும் பருகுவதற்கு வெந்நீரும் கொடுத்து, முதியவர்களை மேளத்தில் சேர்த்துக்கொள்ளலாம். நான்காவதாக, அவர்களுக்குரிய சன்மானத்தை மறவாமல் வழங்க வேண்டும். சேவைதானே என்று சும்மா விடுவது கலைக்கு மரியாதையாகாது.

உபயகாரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மலர் அலங்காரத்திற்கும் மின்விளக்கிற்கும் மனமுவந்து அள்ளி வழங்குகிறீர்கள். அதில் ஒரு பங்கு, பழுதான ஒரு தவிலுக்குப் புதுத்தோல் போடவும், ஒரு நாகசுரத்திற்கு நல்ல சீவாளி தருவிக்கவும் செல்லட்டும். மலர் மறுநாள் வாடிவிடும். மேளத்திற்குத் திரும்பிய ஒரு கை பத்துப் பிள்ளைகளுக்கு வழிகாட்டும்.

இளைஞர்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை ஆலயத்தில் தூணோரம் தாளமிடும் ஒரு முதியவரைக் கண்டால், கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். "ஐயா, வாருங்கள், எங்களுடன் தாளம் போடுங்கள்" என்று அழையுங்கள். முதல் நாள் மறுப்பார். கை நடுங்குகிறது என்பார். மறுபடியும் அழையுங்கள். பல்லாண்டு மௌனம் ஒரே அழைப்பில் கலைந்துவிடாது.

தொடங்கும் செயல்களுக்கெல்லாம் முன்னிற்பவர் விநாயகப் பெருமான். விட்டதை மீண்டும் தொடங்குவதற்கும் அவரே துணை நிற்பார். செண்பக மரத்தடியில் தோன்றிய அப்பெருமான் திருமுன்னே, அடுத்த திருவிழாவில் தூணோரத்து இருக்கை காலியாகி, மேளத்தில் ஓரிடம் நிறையட்டும்!