கோடைக்காலத்து மின்சாரப் பில்

நமது மிராசுதாரர்களும் கிராம அதிகாரிகளும் வரி ரசீதை வரிவரியாகப் பரிசோதிப்பார்கள். மின்சாரப் பில்லிலோ மொத்தத் தொகையை மட்டும் நோக்கிப் பெருமூச்செறிவர். 1990-ஆம் ஆண்டு முதல் விவசாயப் பம்புகளுக்கு மின்சாரம் இலவசமாயிருப்பதால், வீட்டு மீட்டரைக் கவனிக்கும் வழக்கமும் தளர்ந்தது போலும். கோடையில் பில் தொகை ஏறும்போது விகிதமே ஏற்றப்பட்டதென்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று.

மின்சாரத்தை உண்டாக்குவதற்கு ஒரு செலவு. அதனை வீட்டு வாயில்வரை கொண்டு சேர்ப்பதற்கு மற்றொரு செலவு. கம்பிகளும் டிரான்ஸ்பார்மர்களும் ஆண்டின் மிகக் கடும் வெப்பநாளின் தேவையைத் தாங்குமாறு அமைக்கப்பட வேண்டும். மேலும், ஒரு கம்பியில் ஓடும் மின்னோட்டம் இருமடங்காயின் வழியில் நேரும் நஷ்டம் நான்மடங்காகும். இக்காரணம் பற்றியே நியூயார்க் நகரத்துக் கான் எடிசன் கம்பெனியார், ஜூன் முதல் செப்டம்பர் வரை, மாதம் 250 யூனிட்டுக்கு மேற்பட்ட வீட்டு உபயோகத்திற்குக் கொண்டு சேர்க்கும் கட்டணத்தை உயர்த்தி வசூலிக்கும் முறையை வைத்தனர்.

தமிழ்நாட்டு வீட்டுப் பில்லில் இவ்விரு செலவுகளும் பிரித்துக் காட்டப்படுவதில்லை. சித்திரைக்கும் மார்கழிக்கும் விகிதம் ஒன்றே. எனினும் பருவம் படிமுறை விகிதத்தின் வழியே உள்ளே நுழைந்துவிடுகிறது. 10-9-2022 அன்று அமுலுக்கு வந்த விகிதப்படி, இரு மாதங்களில் 500 யூனிட் செலவிட்டவர் செலுத்தவேண்டிய தொகை ரூ. 1,725. 501 யூனிட் செலவிட்டவருக்கோ ரூ. 1,958. அதிகமான ஒரு யூனிட்டின் விலை ரூ. 8, எஞ்சிய ரூ. 225, இரண்டாவது நூறு யூனிட்டுக்குரிய சலுகை நீங்கியதால் வந்தது. விகிதங்கள் பின்னர் திருத்தப்பட்டுள்ளனவாயினும், படிமுறையின் இயல்பை அறிய இக்கணக்கே போதும்.

மிகுதியாக உபயோகிப்பவர் மிகுதியாகச் செலுத்துவது நியாயமே. அதனை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் 501-ஆவது யூனிட்டைக் கொண்டுவரும் கம்பி முந்தியதைக் கொண்டுவந்த கம்பிதானே! செலவு சிறிது சிறிதாக ஏறுகையில் கட்டணம் மட்டும் ஒரே தாவாகத் தாவுதல் முறையன்று. வெயிலின் கொடுமையால் மின்விசிறியை இரவு முழுதும் ஓட்டும் குடும்பமே இத்தாவலில் சிக்குகிறது. வரம்பு கடந்த யூனிட்டுகளுக்கு மட்டும் உயர்விகிதம் விதித்து, முந்திய யூனிட்டுகளின் சலுகையை நிலைநிறுத்துவதே நேரிய வழி. விகிதம் திருத்தப்படுமுன் ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது. கிராமத்தார் இதனை எழுத்து மூலம் அங்கே தெரிவித்தல் வேண்டும்.

அதுவரை செய்யத்தக்கது யாதெனில், மீட்டர் கணக்கெடுத்த தேதியைக் குறித்துக்கொண்டு, வாரந்தோறும் எண்ணைப் பதிவு செய்து வருதலாம். நாளொன்றுக்கு 8 யூனிட்டுக்குள் நின்றால் 60 நாளில் 500-ஐத் தாண்டாது. முப்பதாம் நாளில் 250-ஐக் கடந்தவர் எஞ்சிய நாட்களில் சிக்கனம் பேணலாம். கிராம அதிகாரிகள் இதனை எழுதப்படிக்க அறியாதார்க்கும் எடுத்துரைப்பார்களாக.